கல் ஏன் ஆடுகிறது? விளிம்பு மடித்துக் கல் கட்டக் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். ஆறு மாதமாக வீட்டிலேயே வெள்ளியில் மோதிரம் செய்து பழகுகிறேன். கல்லைச் சுற்றி விளிம்பை நன்றாக மடித்தாலும் இரண்டு நாளில் ஆட ஆரம்பித்துவிடுகிறது. இதற்கிடையில் அம்மாவின் ஏழுகல் வைரத்தோட்டில் ஒரு கல் விழுந்துவிட்டது. அதை நானே சரிசெய்யும் அளவுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியுமா? பெண் என்பதால் பட்டறைப் பக்கம் போகத் தயக்கமாகவும் இருக்கிறது."

முடியும். ஆனால் அம்மாவின் தோட்டில் இப்போது கை வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் ஆடுகிற கல்லைப் பார்ப்போம்.

நான் தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 22 வருஷமாகக் கல் கட்டுகிறேன். சித்தப்பாவிடம் கற்ற தொழில். புதிதாக வருகிற எல்லோரும் கல் ஆடினால் விளிம்பைத்தான் குறை சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாமோ, தகடு இன்னும் கனமாக இருந்திருக்கலாமோ என்று யோசிப்பார்கள். கால் ஆடுகிற முக்காலியில் ஒருவனை உட்காரவைத்து, அவனைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் முக்காலி ஆடுவது நிற்குமா? கல்லுக்கு உட்காரும் இடம் சரியாக இருந்தால்தான் விளிம்புக்கு வேலையே. விளிம்பு மேலே வராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். கல்லைத் தாங்குவது அடித்தளம்.

உங்கள் மோதிரத்தைப் பார்க்காமலே நான்கு காரணம் சொல்ல முடியும். கல் உட்காரும் கூட்டின் உள்மூலையில் பொடி, அதாவது உலோகத்தை ஒட்ட உருக்கிவிடும் கலவை, வழிந்து மேடு கட்டியிருக்கலாம். பொடியை உருக்க நெருப்பை ஊதும்போது சூட்டில் அடித்தகடு லேசாக வளைந்திருக்கலாம். கூடு கல்லைவிடப் பெரிதாக இருக்கலாம். கடைசியாக, மலிவான கல்லில் இது ரொம்ப சகஜம், கல்லின் அடியே சமமாக இல்லாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கல்லின் அடியில் கண்மையை மெல்லிசாகத் தடவி, கூட்டில் வைத்து லேசாக அமுக்கி எடுங்கள். கூட்டுக்குள் மை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் மேடு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அடி முழுக்கச் சீராக மை படுகிறவரைக்கும் விளிம்பைத் தொடவே கூடாது. சித்தப்பா என்னை இதை ஒரே கல்லுக்கு ஒன்பது தடவை செய்யவைத்திருக்கிறார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூடு சரியாக அமைந்திருந்தால், சோதனைக்காக உள்ளே போட்ட கல் வெளியே வராது. நகத்தால் நெம்பி, கத்தியால் நெம்பி, கடைசியில் விளிம்பைக் கிழித்துவிடுவீர்கள். கல்லைப் போடும் முன் ஒரு பட்டுநூலையோ பாலித்தீன் கீற்றையோ குறுக்கே போட்டு, அதன்மேல் கல்லை வையுங்கள். இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினால் கல் எழுந்து வந்துவிடும். அடித்தகட்டின் நடுவில் ஒரு துளை போட்டுவிட்டால் இன்னும் நல்லது, பின்னாலிருந்து குச்சியால் தள்ளிவிடலாம். நாளைக்கு ரிப்பேருக்கு வரும்போதும் அந்தத் துளை கைகொடுக்கும்.

அளவெடுப்பதிலும் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கல்லைச் சுற்றி விளிம்பாக நிற்கும் பட்டைத்தகட்டைக் கல்லின் சுற்றளவுக்குச் சரியாக வெட்டுவார்கள், கூடு சின்னதாகிவிடும். தகட்டின் கனத்தையும் சேர்க்க வேண்டும். கல்லின் விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி, 3.14 ஆல் பெருக்குங்கள். 8 மில்லிமீட்டர் உருண்டைக் கல், 0.3 மில்லிமீட்டர் தகடு என்றால் 8.3 ஐ 3.14 ஆல் பெருக்க, 26 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கனத்தைச் சேர்க்காமல் விட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைந்துபோகும். இந்த வேலையில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு முழம் மாதிரி. நீள்வட்டக் கல்லுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, பாதியாக்கி, அதோடு கனத்தைச் சேர்த்துப் பெருக்கினால் போதுமான அளவு நெருக்கமாக வரும். அதே தகட்டில் 10 க்கு 8 மில்லிமீட்டர் கல்லென்றால் 29.2 மில்லிமீட்டர். வெர்னியர் இல்லாதவர்கள் காகிதக் கீற்றைக் கல்லில் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளலாம். நான் இன்றைக்கும் சில கோணல் கல்லுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

விளிம்பின் உயரம்: மேல் குவிந்து அடி தட்டையாக இருக்கும் கபோஷான் கல் என்றால், கல்லின் பக்கச் சுவர் உள்நோக்கி வளையத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் மேலே வந்தால் போதும். அதிகம் விட்டால் மடிக்கும்போது சுருக்கம் விழும், சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும், கல்லும் பாதி மறைந்துவிடும். குறைத்துவிட்டால் பிடிக்காது.

பொடி வைத்து ஊதுவதைப் பற்றி. "பொடி வைத்துப் பேசுகிறான்" என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பொடி இந்தப் பொடிதான் என்று சித்தப்பா சொல்வார். பொடி இடைவெளியை நிரப்பாது. பட்டையின் இரண்டு முனையும் வெளிச்சம் தெரியாமல் ஒட்டி நிற்க வேண்டும், அரத்தால் நேராக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வெங்காரம் (போராக்ஸ்), அப்புறம் பொடி, அப்புறம் நெருப்பு. பட்டையின் இணைப்புக்குச் சூடு அதிகம் கேட்கிற பொடியையும், கூட்டை அடித்தகட்டில் ஒட்டுவதற்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடியையும் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ஊதலில் முதல் இணைப்பு வாய் பிளந்துவிடும்.

பொடி சூடான பக்கம் ஓடும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி தொழில் வந்துவிட்டது. சுத்த வெள்ளி 961 டிகிரியில் உருகும். உங்கள் பட்டைத்தகடு அதுவரை தாங்கும் என்றாலும், அதன்மேல் நேராக நெருப்பைப் பிடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் சுருண்டு குண்டுமணியாகிவிடும். நெருப்பை அடித்தகட்டுக்குக் காட்டுங்கள், கனமான அதுதான் சூடேற நேரமெடுக்கும். தகடு பழுத்ததும் கூடு தானாகச் சூட்டை வாங்கிக்கொள்ளும், பொடி ஒரு மினுக்கோடு இணைப்பைச் சுற்றி ஓடும். அந்த மினுக்கு தெரிந்த நொடியில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஊதுங்கள். வெயிலில் உட்கார்ந்து ஊதினால் உலோகம் சிவப்பது கண்ணுக்கே தெரியாது.

பட்டைக்கு 92.5 வெள்ளி வேண்டாம், சுத்த வெள்ளியே வாங்குங்கள். மெத்தென்று மடியும், செம்பு கலப்பு இல்லாததால் சூட்டில் கருப்படிக்காது. அடித்தகடும் மோதிர வளையமும் 92.5 இருக்கலாம். ஊதி முடித்ததும் வெங்காரக் கண்ணாடியும் கருப்பும் போக, புளித்தண்ணீரில் படிகாரம் போட்டுக் கொதிக்கவைப்பது எங்கள் பட்டறை வழக்கம். கந்தக அமிலம் அவசரக்காரர்களுக்கு. எடுத்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரும்புச் சாமணத்தை அதற்குள் விட்டால் வெள்ளி முழுக்கச் செம்பு நிறம் ஏறிவிடும், செம்புக் குறடு அல்லது மரக்குச்சி பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, பழைய பொடி எதையும் யாரிடமும் வாங்கி ஊதாதீர்கள். ஒரு காலத்தில் தங்க நகைக்குக் கே.டி.எம். என்று பெருமையாகச் சொல்லி விற்றார்களே, அது காட்மியம் கலந்த பொடி. குறைந்த சூட்டில் ஓடும், தங்கத்தின் மாற்றும் இறங்காது, அதனால் எல்லோருக்கும் பிடித்தது. அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எங்கள் சந்தில் அந்தக் காலத்து ஆட்கள் இருமுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் இதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன்.

இனி மடிப்பது. மோதிரத்தை அரக்குக் குச்சியில் (முனையில் அரக்கு வைத்த குச்சி) பதித்துக்கொள்ளுங்கள், கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது. முனை தட்டையான எஃகுக் குச்சியால் முதலில் கிழக்கே ஓர் அமுக்கு, அடுத்தது மேற்கே, பிறகு வடக்கே, தெற்கே. அப்புறம் நடுவில் உள்ள நாலு மூலை. எப்போதும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரு பக்கமாகத் தொடங்கிச் சுற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் உபரித் தகடு எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து புடைத்து நிற்கும், அதை மடிக்கவே முடியாது. எல்லா இடமும் கல்லைத் தொட்டபிறகு, வழவழப்பான எஃகுக் கோலால் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். கோலின் முனை வழுக்கினால் கல்லில் கீறல்தான், கட்டைவிரலை முட்டுக்கொடுத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு என்ன கல்? அகேட். விலை மலிவு, மோஸ் அளவுகோலில் கடினம் 7. எஃகு அரத்தின் கடினம் ஆறரைக்கு அக்கம்பக்கம், அதனால் கை தவறினாலும் அகேட் தாங்கும். டர்க்காய்ஸ், ஓபல் இரண்டும் 5, 6 என்று நிற்கும். பவளமும் முத்தும் 4 ஐத் தொட்டாலே அதிகம். அரத்தின் ஓரம் பட்டாலே போச்சு. காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது, அழகாகவும் இருக்கும், ஆனால் அழுத்தினால் அடுக்காகப் பிளக்கும். ஒரு வருஷம் போகட்டும்.

கபோஷான் கை வந்தபிறகுதான் பட்டை தீட்டிய கல். அதற்கு அடி கூர்மை, தட்டையான தளத்தில் உட்காராது. கூட்டுக்குள் இன்னொரு சின்ன வளையத்தைப் பொடி வைத்து நிறுத்தி, அந்தப் படியின்மேல் கல்லின் இடுப்பு, அதாவது அகலமான நடுப்பகுதி, உட்காரும்படி செய்ய வேண்டும். அல்லது சுவரிலேயே படி வெட்ட வேண்டும். ஏழுகல் தோட்டில் இந்த வேலை, ஒரு காதுக்கு ஏழு தடவை, அரிசியளவு இடத்தில் நடந்திருக்கிறது. உங்களை இப்போது அதில் கை வைக்காதீர்கள் என்று சொன்னதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பழைய தோடு பெரும்பாலும் குளோஸ் செட்டிங். பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே கல்லுக்கு அடியில் மின்னுகிற தகடு வைத்திருப்பார்கள், சில வேலைகளில் அரக்கும் இருக்கும். அந்தத் தகடு ஒளியைத் திருப்பி அனுப்பிக் கல்லைத் தூக்கிக் காட்டும். சுமாரான கல்லின் குறையையும் மறைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். விளிம்பு ஒரு மயிரளவு விலகினாலும் எண்ணெய், சீயக்காய், சோப்பு, மஞ்சள் எல்லாம் உள்ளே இறங்கிவிடும். "வைரம் கருத்துப்போச்சு தம்பி" என்று கொண்டுவருவார்கள். வைரம் கருக்காது, அடியில் இருக்கிற தகடுதான் கருத்திருக்கும். வெந்நீரில் போட்டுக் கழுவினால் அரக்கு இளகும், அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டில் உடனடிப் பசை விட்டு ஒட்டிக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கூலி இரண்டு மடங்கு கேட்கிறேன். பசையின் ஆவி கல்லடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அதைச் சுத்தம் செய்வதற்குள் ஒரு புதுத் தோடே கட்டிவிடலாம்.

ரிப்பேரை வேறு வேலையாக நினைக்காதீர்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பழைய வெள்ளி மோதிரம், கல் போன தோடு, உடைந்த கவரிங் ஜிமிக்கி எதுவாவது வாங்கிப் பிரித்துப் பாருங்கள். முதலில் நன்றாகப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது என்று பழக வேண்டும். காதருகே ஆட்டுங்கள், ஆடுகிற கல் சின்னதாகக் கிணுங்கும். பஞ்சுநூலை விளிம்பைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே விளிம்பு தூக்கியிருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் விளிம்பு தேய்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெறும் தூக்கல் என்றால் கோலால் தேய்த்துப் படியவைக்கலாம். வெடிப்பு என்றால் கல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும், மெல்லிய தகட்டுக் கத்தியால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு இழையாகத் தூக்க வேண்டும். தேய்ந்தே போயிருந்தால் விளிம்பை மாற்ற வேண்டும், ஒட்டுப் போட்டால் நிற்காது.

கல் இருக்கும்போது நெருப்பைக் காட்டவே கூடாது என்று முதல் வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலில் மூன்றாவது வருஷம் நான் இதை மீறினேன். மேலூர்ப் பக்கத்து ஆத்தா ஒருவர் பச்சைக்கல் மோதிரத்தைச் சின்னதாக்கக் கொடுத்திருந்தார். சித்தப்பா சாப்பிடப் போயிருந்தார். கல்லை ஈரத்துணியால் மூடிக்கொண்டு வளையத்தை மட்டும் ஊதினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. மரகதத்தின் வெடிப்புக்குள் எண்ணெய் இருக்கும், சூட்டில் அது வெளியேறிவிட்டால் உள்ளே இருக்கிற கோடெல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும். துணியை எடுத்தபோது கல் பாலில் முக்கியது மாதிரி இருந்தது. சித்தப்பா ஒன்றும் திட்டவில்லை. தன் கைக்காசு போட்டு வேறு கல் வாங்கிக் கட்டினார், ஆத்தாவிடம் நடந்ததையும் சொன்னார், அடுத்த ஆறு மாதம் என்னை ஊதுகுழலைத் தொடவிடவில்லை.

தங்கத்துக்கு எப்போது போவது? நீங்கள் கட்டிய பத்து வெள்ளிக் கூடுகளில் பத்தும் ஒரு மாதம் ஆடாமல் இருந்த பிறகு. இன்றைக்கு இருக்கிற விலையில் ஒரு மில்லி சேதாரம்கூடக் கணக்குத்தான். அடுத்தவர் நகையைக் கையில் வாங்கினால், அவர் கண் முன்னால் எடைபோட்டு எழுதிக் கொடுங்கள், திருப்பும்போதும் எடைபோட்டுக் காட்டுங்கள். மதுரையில் பொன்வேலை என்று சொன்னாலே யாராவது ஒருவர் சிலம்புக் கதையை எடுத்துவிடுவார். நானும் சிரித்துக்கொண்டே தராசை அவர் பக்கம் திருப்பி வைப்பேன். குளோஸ் செட்டிங் நகையில் கல், அரக்கு, தகடு எல்லாம் எடையில் சேர்ந்தே வரும், அதனால் மொத்த எடையையும் கல் கழித்த எடையையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். நகையில் ஹால்மார்க் இருந்தால் பி.ஐ.எஸ். முத்திரை, 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இவை எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் அரம் படாமல் வேலை செய்யுங்கள்.

பட்டறைக்குப் போகத் தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். மறைக்க விரும்பவில்லை, எங்கள் சந்தில் பெண்கள் மிகக் குறைவு. ஆனால் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கைக் கல் பட்டை தீட்டியதில் பெரும்பங்கு பெண்களின் கைதான், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீட்டினார்கள். கைக்கு ஆண் பெண் தெரியாது, சந்துக்குத்தான் தெரியும். இப்போது பட்டறைகளில் ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பாதி இடத்தில் மேற்கு வங்கத்துப் பையன்கள்தான் கல் கட்டுகிறார்கள், நன்றாகவும் கட்டுகிறார்கள். வெறுங்கையோடு போய் "சொல்லிக்கொடுங்கள்" என்று நின்றால் எந்த ஆசாரியும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். நீங்கள் செய்ததில் மோசமான இரண்டு மோதிரத்தை எடுத்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு மேல், கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். "அண்ணே, இது ஏன் ஆடுது?" என்று கேளுங்கள். குறை சொல்லக் கேட்டால் எங்கள் ஆட்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள். மூன்றாவது தடவை போகும்போது உட்கார முக்காலி போடுவார்கள். அம்மாவையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போனாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். நல்ல சாமணம் ஒன்று, நுணுக்கமான அரம் ஒரு செட், வெர்னியர், லென்ஸ், சின்ன கேஸ் டார்ச், அரக்குக் குச்சி. மடிக்கும் குச்சியை உடைந்த ஸ்க்ரூடிரைவரை அரத்தால் தட்டையாக்கி நீங்களே செய்துகொள்ளலாம், ஓரத்தை மட்டும் நன்றாக மழுக்கிவிடுங்கள். என்னுடையது அப்படிச் செய்ததுதான், மூன்று கடைக் கருவி தேய்ந்தும் அது தேயவில்லை.

அம்மாவின் தோட்டுக்கு வருகிறேன். விழுந்த கல் கிடைத்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைக்கவில்லை என்றால் துடைப்பத்தைத் தொடாதீர்கள், படுக்கை விரிப்பை வெளியே உதறாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெதுவாகத் திருப்புங்கள், வைரம் காட்டிக்கொடுத்துவிடும். குளியலறைத் தண்ணீர் போகும் துளையின் சல்லடையையும், தலையணை உறையின் ஓரத்தையும், சீப்பையும் பாருங்கள்.

கிடைக்கவே இல்லை என்றால், கடையில் போய் உடனே ஒரு கல் வாங்கிவிட வேண்டாம். அந்தக் காலத்துக் கல்லின் பட்டை வேறு, இன்றைய பட்டை வேறு. ஏழில் ஒன்று மட்டும் புதிதாக வைத்தால், அது மட்டும் வேறு மாதிரி மின்னி, மற்ற ஆறும் அழுதுகொண்டிருக்கும். கடையில் "புளூ ஜாகர்" என்று சொல்லி எடுத்து நீட்டுவார்கள். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது, சுரங்கத்தை 1971 லேயே மூடிவிட்டார்கள். நீலச்சாயல் உள்ள வெள்ளைக் கல்லுக்கெல்லாம் நம் ஊரில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். மிச்சமுள்ள ஆறு கல்லின் அருகில் வைத்து, கடை விளக்கில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள்.

வேலைக்குக் கொடுக்கும்போது ஒரு தோட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், இரண்டையும் கொண்டுபோங்கள். ஒரே வயது, ஒரே தேய்மானம். இந்தக் காதில் ஒரு விளிம்பு விட்டிருக்கிறது என்றால் அந்தக் காதிலும் ஏதோ ஒன்று விடக் காத்திருக்கிறது. பதினான்கு கூட்டையும் லென்ஸில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பார்க்கும்போது பக்கத்தில் நின்று, நீங்களும் பார்க்கக் கேளுங்கள். விளிம்பு எப்படித் தேய்கிறது என்று வெள்ளியில் ஆறு மாதம் பார்த்தும் தெரியாதது அங்கே பத்து நிமிஷத்தில் தெரியும்.